ஈஸ்ட்ரோஜன்: யாருக்கு, எதற்கு, எந்த வயதில்?

மாதவிடாய் நிற்கும் காலத்தில் சினைப்பை சுரக்காமல் விட்டுவிடும் ஹார்மோனை மருந்தாகக் கொடுக்கலாமா, கூடாதா? நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி. பதில்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1966இல், பெண்கள் ஆயுள் முழுதும் எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து என்றார்கள். 1975இல் புற்றுநோயை வரவழைக்கும் என்றார்கள். 1990களில் மாரடைப்பு வராமலிருக்க எழுதிக்கொடுத்தார்கள். 2002க்குப் பிறகு லட்சக்கணக்கான பெண்கள் பயந்துபோய் நிறுத்தினார்கள். 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இந்த மருந்துகளின் குறிப்பேட்டில் இருபதாண்டுகளுக்கும் மேலாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்த எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அறிவித்தது.

இத்தனை முறை மாறிய பதிலைப் பார்ப்பவருக்கு, மருத்துவர்களுக்கே எதுவும் தெரியவில்லை என்று தோன்றினால் வியப்பில்லை. ஆனால் சான்றுகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடங்கள் நினைப்பதைவிடக் குறைவு. சிக்கல், மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிட்டதில் இருக்கிறது. ஐம்பது வயதில் இரவெல்லாம் வியர்த்துக் கொட்டித் தூக்கம் கெடும் பெண்ணுக்கு இது நிவாரணம் தருமா என்பது ஒரு கேள்வி. தொந்தரவு எதுவும் இல்லாத அறுபது வயதுக்காரருக்கு மாரடைப்போ மறதிநோயோ வராமல் தடுக்குமா என்பது வேறொன்று. முப்பத்தைந்து வயதில் அறுவை சிகிச்சையில் சினைப்பைகளை இழந்தவருக்கு, உடல் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சுரந்திருக்கக்கூடியதை ஈடுகட்ட வேண்டுமா என்பது மூன்றாவது. ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்றொன்றின்மேல் ஏற்றிவைத்தே இந்த விவாதம் ஒவ்வொரு முறையும் தடம் புரண்டிருக்கிறது.

குறைபாடு என்ற கட்சி

மாதவிடாய் நிற்பதை மருத்துவத்தின் தனிப் பொருளாக்கியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள். பிரெஞ்சு மருத்துவர் கார்தான் 1821இல் அதற்கு மெனோபாஸ் என்று பெயர் வைத்தார். லண்டன் மருத்துவர் எட்வர்ட் டில்ட் 1857இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்தக் காலத்துச் சிகிச்சையில் அபினும் இருந்தது, அட்டைவிட்டு ரத்தம் எடுப்பதும் இருந்தது. நூற்றாண்டின் முடிவில் பசுவின் சினைப்பையை உலர்த்திப் பொடியாக்கி விற்றார்கள். அதில் மருந்துச் சத்து எவ்வளவு இருந்திருக்கும் என்பது சந்தேகமே. ஆயினும், எதையோ இழந்த உடலுக்கு அதையே திருப்பிக் கொடுப்பது என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது.

1929இல் எட்வர்ட் டாய்சியும் அடால்ஃப் பூட்டநாண்டும் தனித்தனியாக, ஈஸ்ட்ரோஜன் வகைகளில் ஒன்றான ஈஸ்ட்ரோனைப் பிரித்தெடுத்தார்கள். 1942இல் சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து தயாரித்த பிரெமரின் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. மருந்து கைக்கு வந்தபின் அதற்கேற்ற நோய் தேவைப்பட்டது என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாக இருக்கும், ஆனால் முழுக்கப் பொய்யாக இருக்காது. நியூயார்க் மகப்பேறு மருத்துவர் ராபர்ட் வில்சன் 1966இல் வெளியிட்ட ‘ஃபெமினைன் ஃபாரெவர்’ அந்த இடத்தை நிரப்பியது. மெனோபாஸ் என்பது நீரிழிவைப் போல ஒரு குறைபாட்டு நோய், இன்சுலினைப் போல ஈஸ்ட்ரோஜன் அதற்கு மருந்து என்பது அவர் கட்சி. புத்தகம் பரபரப்பாக விற்றது. அவர் நடத்திய அறக்கட்டளைக்கு மருந்து நிறுவனங்களின் பணம் வந்துகொண்டிருந்தது பின்னாளில் வெளியே தெரிந்தது.

பணத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் வாதத்தில் ஓட்டை உண்டு. இன்சுலின் சுரக்காதவர் அதைச் செலுத்தாவிட்டால் பிழைக்க மாட்டார். மாதவிடாய் நின்ற பெண் அதன் பிறகு முப்பது ஆண்டுகள் நலமாக வாழலாம், வாழ்கிறார். அடியும் சீக்கிரமே விழுந்தது. 1975 டிசம்பரில் ஒரே இதழில் வெளியான இரண்டு ஆய்வுகள், ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்துக்கொண்ட பெண்களிடம் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் அபாயம் நான்கரை மடங்கு முதல் ஏழரை மடங்கு வரை கூடியிருந்ததாகக் காட்டின. உட்சுவரை வளர்த்துக்கொண்டே போகும் ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரு கடிவாளம் தேவை என்பது புரிந்தது. கர்ப்பப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்தே தர வேண்டும் என்ற விதி அப்போது பிறந்தது. இன்றுவரை யாரும் மறுக்காத விதி அது.

இயற்கை என்ற கட்சி

எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் பெண்ணியர்களும் மானிடவியலாளர்களும். வாழ்க்கையின் ஒரு கட்டத்தை நோயாக்கி, மூப்படைவதை வெட்கத்துக்குரியதாக்கி, அதற்கு மருந்து விற்கிறார்கள் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. 1991இல் ஜெர்மெய்ன் கிரீர் எழுதிய ‘தி சேஞ்ச்’ இதை உரத்த குரலில் சொன்னது. 2024இல் ‘தி லான்செட்’ இதழ் வெளியிட்ட மெனோபாஸ் கட்டுரை வரிசையும், தொனி மென்மையானாலும், அளவுக்கு மீறி மருத்துவமயமாக்குவதை எதிர்த்தே பேசியது.

இந்தக் கட்சிக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று இந்தியாவில் நடந்தது. ராஜஸ்தானிலும் இமாசலத்திலும் 483 ராஜபுத்திரப் பெண்களைச் சந்தித்த மார்ச்சா ஃபிளின்ட், அவர்களிடம் மெனோபாஸ் தொந்தரவுகள் ஏறக்குறைய இல்லை என்று 1975இல் எழுதினார். மாதவிடாய் நின்றதும் முக்காட்டிலிருந்து விடுதலை, ஆண்கள் கூடும் இடத்தில் உட்கார்ந்து பேசும் உரிமை என்று அங்கே பெண்ணுக்கு மதிப்பு கூடியதே காரணம் என்பது அவர் விளக்கம். ஜப்பானில் மார்கரெட் லாக் 1993இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது. அங்குள்ள பெண்கள் உடல் சூட்டைவிடத் தோள்பட்டை இறுக்கத்தையும் தலைவலியையும்தான் அதிகம் சொன்னார்கள்.

இந்த ஆய்வுகளில் உண்மை இருக்கிறது. ஒரே உயிரியல் மாற்றம் எல்லா ஊரிலும் ஒரேபோல் உணரப்படுவதில்லை. ஆனால் ராஜபுத்திரப் பெண்கள் பற்றிய முடிவை இந்தியா முழுவதற்கும் நீட்டுவது ஆபத்து. பின்னால் வந்த இந்திய ஆய்வுகள் பலவற்றில் பெண்கள் தொந்தரவுகளைத் தாராளமாகவே சொல்லியிருக்கிறார்கள், வரிசை மட்டும் வேறு. மூட்டுவலி, உடல் அசதி, தூக்கமின்மை முதலில் வருகின்றன. திடீர்ச் சூடு அதற்குப் பிறகு. இந்த வரிசையே ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. நாற்பத்தெட்டு வயதில் முழங்கால் வலிக்கிறது என்று வருபவருக்கு வலி மாத்திரையும் கால்சியமும் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. ஹார்மோனை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சில மாதம் பொறுத்தால் போய்விடும் என்ற நம்பிக்கைக்கும் சான்று துணைநிற்கவில்லை. அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ‘ஸ்வான்’ ஆய்வில், இந்தச் சூடும் வியர்வையும் நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டுகள். கறுப்பினப் பெண்களுக்கு அது 10.1, ஜப்பானிய வம்சாவளியினருக்கு 4.8. மாதவிடாய் முழுதாக நிற்கும் முன்பே தொடங்கிவிட்டவர்களுக்கு இன்னும் நீண்டது. ‘எல்லாருக்கும் வர்றதுதானே’ என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதும் இயற்கைக் கட்சிதான், படிக்காத வடிவில். கிரீருக்கு இருந்த அரசியல் அதில் இல்லை. பேச்சை முடித்துவைக்கும் அவசரம் இருக்கிறது.

சூடு எங்கே பிறக்கிறது

ஹாட் ஃப்ளஷ் எனப்படும் அந்தத் திடீர்ச் சூடு மார்பில் கிளம்பிக் கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும். நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், ஓரிரு நிமிடங்களில் தணிந்து, ஈர உடையோடு உடல் சில்லிட்டுப்போகும். இது மனப்பிரமை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆனால் இது உடலில் நிகழ்வதே. மூளையின் ஹைப்போதலாமஸில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி உள்ளது. வெப்பம் ஓரளவு ஏறி இறங்கினாலும் அது கண்டுகொள்ளாது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பக்கத்திலுள்ள ஒரு நரம்பணுக் கூட்டம் பெருத்து, அடங்காமல் சமிக்ஞை அனுப்புகிறது. கண்டுகொள்ளாமல் விடும் இடைவெளி குறுகிப்போகிறது. அடுப்படியில் ஒரு நிமிடம் நின்றால் ஏறும் சின்னச் சூட்டுக்கே உடல் முழு வேகத்தில் தன்னைக் குளிர்விக்கப் பார்க்கிறது.

இது தெளிவானது இரண்டு விதத்தில் பயன்பட்டது. ஈஸ்ட்ரோஜன் ஏன் வேலை செய்கிறது என்பது புரிந்தது. அந்த நரம்பணுக்களை மட்டும் தடுக்கும், ஹார்மோன் அல்லாத ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரைக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. அதற்கும் விலை உண்டு. அரிதாகக் கல்லீரல் பாதிப்பு தெரியவந்ததால் 2024 டிசம்பரில் அதன்மேலும் கட்டம் கட்டிய எச்சரிக்கை ஏறியது.

2002: கேள்வி ஒன்று, பதில் சென்ற இடம் வேறு

1980களிலும் 90களிலும் ஹார்மோன் சிகிச்சை மறுபடி மேலேறியது, இம்முறை இதயத்தின் பெயரால். அமெரிக்கச் செவிலியர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு, ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் இதயநோய் பாதியளவே இருந்ததாக 1991இல் சொன்னது. ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், வசதியானவர்கள், உடம்பைக் கவனித்துக்கொண்டவர்கள். இதயம் காப்பாற்றப்பட்டது மருந்தாலா, வசதியாலா என்று அத்தகைய ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. 1998இல் ‘ஹெர்ஸ்’ என்ற சோதனை, ஏற்கெனவே இதயநோய் உள்ள 2,763 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. பலன் தெரியவில்லை. முதல் ஆண்டில் மாரடைப்பு கூடவே செய்தது.

பிறகு வந்தது ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’. அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனம் 1991இல் தொடங்கிய மாபெரும் முயற்சி. அதன் ஒரு பிரிவில் கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களில் பாதிப்பேருக்குக் குதிரை ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை மருந்தும், மீதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். சராசரியாக 5.2 ஆண்டுகள் கழிந்த நிலையில், 2002 ஜூலையில் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம், இதயநோய் 29 சதவீதம் அதிகம், பக்கவாதம் 41 சதவீதம் அதிகம் என்று செய்திகள் உலகம் சுற்றின. அமெரிக்காவில் ஆண்டுக்கு 9 கோடி அளவில் இருந்த ஹார்மோன் மருந்துச் சீட்டுகள் அடுத்த ஆண்டே 6 கோடிக்கும் கீழே இறங்கின.

அந்தச் சதவீதங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வெற்று மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஓர் ஆண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் எடுத்த 10,000 பேரில் 38 பேருக்கு. 26 சதவீதம் என்பது இந்த எட்டுப் பேர். பக்கவாதம் 21லிருந்து 29ஆனது. நுரையீரலில் ரத்தம் உறைவது 8லிருந்து 16ஆனது. மறுபக்கம், இடுப்பெலும்பு முறிவு 15லிருந்து 10ஆகவும், பெருங்குடல் புற்றுநோய் 16லிருந்து 10ஆகவும் குறைந்தன. எட்டுப் பேர் என்பதால் அற்பம் என்று தள்ளிவிட முடியாது. கோடிக்கணக்கானோர் பல ஆண்டுகள் எடுக்கும் மருந்தில் அது பெரிய எண். ஆனால் மருத்துவர் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, 26 சதவீதம் என்று சொல்வதும் பத்தாயிரத்தில் எட்டு என்று சொல்வதும் இரண்டு வேறு முடிவுகளை எடுக்கவைக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் வயது. பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. ஐம்பதுகளில் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. இதைச் சோதனையின் பிழை என்று சிலர் இன்று எழுதுவது நியாயமில்லை. நாள்பட்ட நோய்களைத் தடுக்குமா என்று பார்க்கவே அது வடிவமைக்கப்பட்டது. தடுக்காது என்ற தெளிவான பதிலையும் தந்தது. அறுபது வயதுப் பெண்களைப் பற்றிய அந்தப் பதில், ஐம்பது வயதில் தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர்களின் மருந்துச் சீட்டைக் கிழித்தது என்பதே கோளாறு. அதில் பாதி பத்திரிகைகள் செய்தது, மீதி மருத்துவர்கள் செய்தது.

அதே முயற்சியின் இன்னொரு பிரிவு அன்றும் கவனம் பெறவில்லை. கர்ப்பப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் கூடியதால் அதுவும் 2004இல் நிறுத்தப்பட்டது. ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, குறைந்தது. இருபதாண்டு பின்தொடர்தலிலும் அந்தக் குறைவு நீடித்ததாக 2020இல் வெளியான கட்டுரை காட்டியது. சந்தேகம் ஈஸ்ட்ரோஜனைவிட, கூடச் சேர்ந்த செயற்கைப் புரோஜெஸ்டிரோன்மீது திரும்பியது.

எப்போது தொடங்குவது என்ற கட்சி

2002க்குப் பின் எழுந்த புதிய நிலைப்பாடு, தொடங்கும் வயதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது. ரத்தக்குழாய் இன்னும் ஆரோக்கியமாக இருக்கும்போது, அதாவது அறுபதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள், தொடங்கினால் ஈஸ்ட்ரோஜன் காக்கும். கொழுப்புப் படிந்தபின் தொடங்கினால் கெடுக்கும். 643 பெண்களை வைத்து நடந்த ‘எலைட்’ சோதனை 2016இல் இதற்கு ஆதரவு தந்தது. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகளுக்குள் தொடங்கியவர்களின் கழுத்து ரத்தக்குழாய்ச் சுவர் தடிப்பது மெதுவானது. பத்தாண்டுகளுக்குப் பின் தொடங்கியவர்களிடம் வித்தியாசம் இல்லை.

கருதுகோள் நம்பத்தக்கது. பலவீனம் என்னவென்றால், கழுத்துக் குழாயின் தடிப்பு மாரடைப்பு ஆகாது. 727 பெண்களோடு நடந்த ‘கீப்ஸ்’ சோதனையில் அந்தத் தடிப்பில்கூட வேறுபாடு காணப்படவில்லை. ஐம்பது வயதில் தொடங்கிய பெண்களுக்கு மாரடைப்பு குறைகிறதா என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிய குலுக்கல் சோதனை நடக்கவில்லை. நடத்தும் செலவையும் காலத்தையும் பார்த்தால் இனி நடக்குமா என்பதும் ஐயமே. ஆகவே, ஐம்பதுகளில் எடுப்பது பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது என்று சொல்லச் சான்று போதும். இதயத்தைக் காக்க எடுங்கள் என்று சொல்லப் போதாது. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022இலும் அந்தப் பரிந்துரையை மறுத்தே நின்றது. 2025 நவம்பர் அறிவிப்பின்போது அதிகாரிகள் இதயத்துக்கும் மூளைக்கும் நன்மை என்று பேசிய பேச்சு, 1990களின் நம்பிக்கையைப் புதுச் சட்டை போட்டுக் கொண்டுவருவதாகவே படுகிறது. எச்சரிக்கையை எடுத்ததற்கு, முக்கியமாகப் பிறப்புறுப்பு வறட்சிக்கு உள்ளே தடவும் சிற்றளவு ஈஸ்ட்ரோஜனிலிருந்து எடுத்ததற்கு, நல்ல காரணம் இருக்கிறது. ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும் அந்த மருந்தின்மேல் மாரடைப்பு எச்சரிக்கை இருந்ததே விசித்திரம்.

மூளை விஷயத்தில் நிலைமை இன்னும் மங்கல். 65 வயதுக்கு மேல், இரண்டும் சேர்ந்த கூட்டு ஹார்மோன் (ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டிரோனும்) தொடங்கியவர்களிடம் மறதிநோய் இரு மடங்கானதாக 2003இல் தெரிந்தது. ஐம்பதில் தொடங்குபவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு அது பதிலாகாது.

ஹார்மோன் இல்லாத வழிகள்

இங்கே நம்பிக்கை அதிகம், சான்று குறைவு. சோயா, பிளாக் கோஹோஷ் என்ற அமெரிக்க மூலிகை ஆகியவற்றை அலசிய கோக்ரேன் தொகுப்பாய்வுகள் உறுதியான பலனைக் காணவில்லை. நம்மூர் உளுந்தங்களிக்கும் எள்ளுருண்டைக்கும் தண்ணீர்விட்டான் கிழங்குக்கும் அந்தத் தரத்தில் சோதனைகள் நடக்கவில்லை. நல்ல உணவு என்பதில் சண்டை இல்லை; மருந்து என்று சொல்வதற்குத்தான் சான்று வேண்டும்.

ஒரு எண் இங்கே கண்ணைத் திறக்கும். 2004ஆம் ஆண்டின் கோக்ரேன் தொகுப்பில், வெற்று மாத்திரை எடுத்த பெண்களிடமே ஹாட் ஃப்ளஷ் எண்ணிக்கை 57.7 சதவீதம் குறைந்திருந்தது. ஹார்மோன் அதற்கும் மேலே, வெற்று மாத்திரையோடு ஒப்பிடும்போது 75 சதவீதம் குறைத்தது. எந்தக் கஷாயத்தைக் குடித்தாலும் பாதி குணம் தெரிவது இதனால்தான். இந்தக் கணக்கில் அடங்காமல் தேறியவை சில: பேச்சு வழியிலான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளின் குறைந்த அளவு, உடல் எடையைக் குறைப்பது. பேச்சுச் சிகிச்சை சூட்டின் எண்ணிக்கையை அதிகம் மாற்றாது, அது தரும் அவதியைக் குறைக்கும். மார்பகப் புற்றுநோய் வந்து மீண்டவர்களுக்கு இவையே முதல் வழி.

தொடங்குவதென்றால்

45 வயதைத் தாண்டியவருக்கு அறிகுறிகளை வைத்தே முடிவு செய்யலாம், ஹார்மோன் ரத்தப் பரிசோதனை தேவையில்லை என்பது பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி. நம்மூர் ஆய்வகங்களில் பரிசோதனைத் தொகுப்புக்குப் பணம் கட்டும் முன் இது நினைவில் இருந்தால் நல்லது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் அந்த எண்கள் வாரத்துக்கு வாரம் மாறும். மார்பகப் புற்றுநோய் வந்தவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர், கால் சிரையிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், கல்லீரல் நோய் முற்றியவர் ஆகியோருக்குப் பொதுவாகத் தருவதில்லை.

எந்த வழியில் உடலுக்குள் போகிறது என்பதும் முக்கியம். மாத்திரை முதலில் கல்லீரல் வழியாகப் போய் ரத்தம் உறையவைக்கும் புரதங்களைத் தூண்டுகிறது. தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை அந்தச் சுற்றைத் தவிர்க்கிறது. பிரான்சில் நடந்த ‘எஸ்தர்’ ஆய்வில் தோல்வழி எடுத்தவர்களிடம் ரத்த உறைவு கூடவில்லை. உடல் பருமன், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இதனால் ஜெல்லையோ ஒட்டுப்பட்டையையோ பரிந்துரைக்கிறார்கள். பட்டையை இடுப்புக்குக் கீழே ஒட்டி வாரம் இருமுறை மாற்ற வேண்டும். வியர்வையில் உரிந்துவிடும் ஊர்களில் ஜெல் வசதி. அழுத்தினால் வரும் ஜெல்லைத் தோளிலோ தொடையிலோ தடவி, உடுத்தும் முன் ஐந்து நிமிடம் காயவிட வேண்டும். குழந்தைகளைத் தூக்க ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து அவர்கள் தோலில் ஒட்டும்.

கர்ப்பப்பை இருந்தால் புரோஜெஸ்டிரோன் கட்டாயம். நுண்துகளாக்கப்பட்ட இயற்கைப் புரோஜெஸ்டிரோனை இன்று பலர் விரும்புகிறார்கள். கருத்தரிப்பு மையங்களில் அன்றாடம் எழுதிக்கொடுக்கப்படும் அதே மருந்து. தூக்கக் கலக்கம் தருவதால் படுக்கும்போது எடுப்பது. தூக்கமில்லாதவர்களுக்கு அதுவே லாபம். முதல் மூன்று மாதம் விட்டுவிட்டு ரத்தம் படுவது சகஜம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் பரிசோதிக்க வேண்டும்.

எத்தனை ஆண்டு எடுக்கலாம் என்பதற்கு ஒரே எண் கிடையாது. 58 ஆய்வுகளைத் திரட்டி 2019இல் ‘தி லான்செட்’ வெளியிட்ட கணக்கின்படி, ஐம்பதிலிருந்து ஐந்தாண்டு தினமும் கூட்டு ஹார்மோன் எடுத்தால், அடுத்த இருபது ஆண்டுகளில் ஐம்பது பெண்களுக்கு ஒருவர் வீதம் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரும். ஈஸ்ட்ரோஜன் மட்டுமென்றால் இருநூறுக்கு ஒருவர். குலுக்கல் சோதனையில் ஈஸ்ட்ரோஜன் தனியாக அபாயத்தைக் குறைத்தது, இங்கே சற்றே கூட்டுகிறது. இந்த முரண் இன்னும் தீரவில்லை.

நாற்பதுக்கு முன்: இந்தியாவின் கேள்வி

மேலே சொன்ன சண்டை எல்லாம் ஐம்பதைத் தாண்டிய பெண்களைப் பற்றியது. இந்தியாவில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயதே 46 அளவில்தான் இருக்கிறது. அதற்கும் கீழே, புள்ளிவிவரத்தில் சரியாகத் தெரியாத ஒரு கூட்டம் உண்டு: கர்ப்பப்பை அகற்றப்பட்ட இளம்பெண்கள். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குமேல் இந்த அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் மேல். அவர்களில் பாதிப்பேருக்கு முப்பதுகளின் நடுவிலேயே நடந்துவிட்டது. பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களில் சுமார் 82,000 பேரை 2019இல் அரசுக் குழு கணக்கெடுத்தபோது, 13,000க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பை இல்லாமல் இருந்தார்கள். தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிமுறைகளை மாநிலங்கள் செயல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

தீர்ப்பும் செய்திகளும் அறுவை சிகிச்சையோடு நின்றுவிடுகின்றன. அதன் பிறகு அந்த உடலுக்கு என்ன நடக்கிறது என்பதை யாரும் அதிகம் கேட்கவில்லை. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், ஐம்பதில் பல ஆண்டுகளாக மெல்ல நடக்க வேண்டியது ஒரே நாளில் நடக்கிறது. சினைப்பைகளை விட்டுவைத்தாலும் அவை சற்று முன்னதாகவே ஓய்ந்துவிடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்காவின் மேயோ கிளினிக் பகுதியில் செய்த நீண்டகால ஆய்வில், 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளையும் இழந்து, ஈஸ்ட்ரோஜனும் எடுத்துக்கொள்ளாத பெண்களிடம் இறப்பு விகிதம் கூடியிருந்தது. இங்கு வழிகாட்டிகளிடையே கருத்து வேறுபாடே இல்லை: தடை ஏதும் இல்லாவிட்டால், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் தர வேண்டும். 63 வயதுப் பெண்களிடம் செய்த சோதனையின் அபாய எண்களை 36 வயதுக்காரர்மேல் ஏற்றிச் சொல்ல எந்த நியாயமும் இல்லை. அவருக்குக் கிடைப்பது கூடுதல் ஹார்மோன் அல்ல. அவர் வயதுத் தோழிக்கு உடலே சுரந்துகொண்டிருப்பது.

கர்ப்பப்பை இல்லாததால் அவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும், புரோஜெஸ்டிரோன் பிரச்சினையும் இல்லை. சிகிச்சை எளிது. ஆனால் அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரித்து அனுப்பியபின், இடுப்பு வலிக்கும் எரிச்சலுக்கும் ஊர் மருத்துவர்களிடம் ஊசி போட்டுக்கொள்வதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். லண்டனில் மருந்துக் கடைகளில் 2022இல் ஈஸ்ட்ரோஜன் ஜெல் தட்டுப்பாடு தலைப்புச் செய்தியானது. பீடில் அந்த ஜெல்லின் பெயரைக் கேட்டிருப்பவர்கள் எத்தனை பேர்?

தீராதவை

ஐம்பதை ஒட்டிய வயதில், கடுமையான தொந்தரவுக்கு, முன் சொன்ன தடைகள் இல்லாதவருக்கு ஹார்மோன் தரலாம் என்பது இன்று ஏறக்குறைய முடிந்த விவாதம். எலும்பைக் காக்கும் என்பதும் அப்படியே. முடியாமல் இருப்பவை வேறு. தோல்வழி ஈஸ்ட்ரடையாலும் இயற்கைப் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்த இன்றைய முறை மார்பகத்துக்கு உண்மையிலேயே பாதுகாப்பானதா என்பதற்குப் பிரெஞ்சுப் பின்தொடர் ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன; பெரிய குலுக்கல் சோதனை இல்லை. செவிலியர் ஆய்வு கற்றுத்தந்த பாடத்தை நினைத்தால் அந்த இடைவெளி உறுத்துகிறது.

இந்தியப் பெண்களுக்கு எண்கள் எப்படி மாறும் என்பதும் தெளிவில்லை. மார்பகப் புற்றுநோயின் அடிப்படை விகிதம் இங்கே மேற்கைவிடக் குறைவு என்பதால், கூடுதல் அபாயமும் எண்ணிக்கையில் குறைவாக இருக்கலாம். மாறாக, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு பிறரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக வருகிறது. நீரிழிவும் சேர்ந்தால், அறுபதுக்குள் தொடங்கினால் பாதுகாப்பு என்ற மேற்கத்திய எல்லைக்கோடு இங்கே இன்னும் முன்னால் நகர வேண்டியிருக்கலாம். இரண்டும் ஊகங்கள், எதிரெதிர்த் திசையில் இழுப்பவை.

இளவயதில் சினைப்பைகளை இழந்தவர்களைப் பற்றிய மூன்றாவது கேள்விக்குத் தேவைப்படும் முதல் தகவலே இல்லை. குடும்ப நலக் கணக்கெடுப்பு ஐந்தாம் சுற்றுவரை, கர்ப்பப்பை அகற்றப்பட்டதா, எப்போது, எங்கே, ஏன் என்று பெண்களைக் கேட்டது. சினைப்பைகள் இருக்கின்றனவா, எடுக்கப்பட்டனவா என்று கேட்கவில்லை. அது தெரியாதவரை, இந்தியாவில் இளவயதில் ஈஸ்ட்ரோஜன் தேவைப்படும் பெண்கள் ஆயிரக்கணக்கிலா, லட்சக்கணக்கிலா என்பதைக்கூடக் கணக்கிட வழியில்லை.